சட்டம் பயிலும் பிள்ளைகளும் காலை வண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில் இரயில்வே குமாஸ்தா ஒருவனை நிறுத்தியது நம் செயலாளர் அவர்களின் துணிவு. பத்தாம் வகுப்போடு ஏட்டை மூடியவன் நான். காவியச் சுவையைப் பற்றிப் பேசும்படி பணித்திருந்தால் கைகூப்பி விலகியிருப்பேன். “உமக்குத் தெரிந்ததைப் பேசும், போதும்” என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, கல்யாணுக்கும் வி.டி.க்கும் இடையே ஓடும் மின்சார வண்டி. மற்றொன்று, என் மூத்த மகள் மூன்று ஆண்டுகளாகக் கோட்டைப் பகுதியிலுள்ள ஒரு சட்டக் கல்லூரிக்குப் போய்வருவதால் எங்கள் வீட்டில் சேர்ந்துள்ள அனுபவம். இவ்விரண்டையும் சேர்த்தே பேச எண்ணுகிறேன். நிலையத்தின் பெயர் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் என மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நம் காலனியில் வி.டி. என்றால்தான் அது நிலையமாகத் தோன்றுகிறது. ஆகவே அப்பெயராலேயே சொல்லிச் செல்கிறேன்.

இவ்வாண்டு நம் காலனியிலிருந்து ஐந்து பிள்ளைகள் சட்டம் பயில்கின்றனர். அவர்களில் மூவர் பெண்கள். சென்ற ஆண்டு அறுவர் இருந்தனர். அந்த ஆறாவது பிள்ளை இன்று ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். அவன் தேர்வில் தோற்றவன் அல்லன். கட்டணம் கட்ட வழியில்லாதவனும் அல்லன். வருகைப் பதிவு குறைந்தது, தேர்வெழுத அனுமதி கிடைக்கவில்லை, மனம் ஒடிந்தது, நின்றுவிட்டான். அவனைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் உண்டு. காலை ஐந்து மணிக்கு எழுந்து நிலையத்துக்கு நடந்தவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவனைப் படிப்பிலிருந்து இறக்கிவிட்டது வண்டி என்பதே என் கட்சி.

நமக்கு எதற்கு ஐயா வக்கீல் என்று கேட்போரும் இச்சபையில் இருக்கலாம். பொறியியல் படித்தால் வேலை, கணக்கு படித்தால் வங்கி, சட்டம் படித்தால் என்ன என்பது நம்மவர் வழக்கமான கேள்வி. ஒன்று மட்டும் சொல்கிறேன். செல்லுபடியாகும் சீட்டுடன் பயணம் செய்த ஒருவர் ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தால், அவர் குடும்பத்தார் இரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். 2017 ஜனவரி முதல் அத்தொகை எட்டு இலட்சம் ரூபாய். விண்ணப்பத்தை ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். அந்த ஓராண்டு கழிந்த பின்னர், கையில் ஒரு பழைய பையும் அதற்குள் இறந்தவரின் சீசன் டிக்கெட்டுமாக எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்ற தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் தமிழ்ப் பெண்களும் உண்டு. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட தாளை நீட்டி, “தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்பார்கள். கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்டும் ஒப்பந்தத்தில், படித்துப் பாராமல் கையொப்பமிட்டவர் எத்தனை பேர்! நம் மொழியில் சொல்லிப் புரியவைக்க ஒரு வக்கீல் கூப்பிடு தூரத்தில் இருந்தால் அதன் அருமை அப்பொழுது தெரியும்.

இனி வண்டிக்கு வருகிறேன். இந்நாட்டின் முதல் பயணிகள் வண்டி 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் ஓடிற்று. மறு ஆண்டு, 1854இல், தண்டவாளம் நம் கல்யாணை எட்டியது. அதற்கு மறு ஆண்டு, 1855இல், பம்பாயில் அரசு சட்டக் கல்லூரி பிறந்தது. ஆகக் கல்யாண் பாதையும் சட்டக் கல்வியும் இந்நகரத்தில் ஏறக்குறைய ஒரே வயதின. ஆயினும் ஒன்றற்காக மற்றொன்று இன்றளவும் காத்திருப்பதில்லை.

கல்யாணிலிருந்து வி.டி. சுமார் 54 கிலோமீட்டர். விரைவு வண்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி. வீட்டு வாயிலிலிருந்து நிலையம், நடைமேடையில் காத்திருப்பு, அங்கே இறங்கிக் கல்லூரிக்கு நடை எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், இருவழியும் மூன்றரை மணி. ஆண்டில் 200 நாள் கல்லூரி என்று வைத்துக்கொண்டால் 700 மணி. இரவு பகல் உறங்காமல் எண்ணினால் 29 நாள். ஐந்தாண்டுப் படிப்பு முடிவதற்குள் ஏறக்குறைய ஐந்து மாதத்தை நம் பிள்ளை வண்டியிலும் வழியிலும் செலவிட்டிருக்கும். கோட்டைக்கு அருகில் குடியிருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஐந்து மாதமும் சேமிப்பு. இருவரும் எழுதுவதோ ஒரே வினாத்தாள்.

அமர்ந்து செல்லும் பயணமாயின் அதுவும் படிப்பு நேரமே. ஆனால் காலை வண்டியில் அமர்வது எவ்வளவு அரிது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வளைவில், எதிரெதிர் வண்டிகளின் வாயிலில் தொங்கிச் சென்றவர்கள் கீழே விழுந்து உயிர்கள் போயின. அன்று முற்பகல் நம் காலனியில் எந்த வீட்டில் தொலைபேசி மணி அடித்தாலும் எல்லா வீட்டுத் தாய்மார்களும் வாசலுக்கு வந்தனர். பிள்ளைகளே, ஒரு வண்டி போனால் போகட்டும் என்று விடத் தெரிய வேண்டும். ஆனால் அப்படி விட்டுவிட்டால் கல்லூரியில் என்ன நேர்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தியின் நடுப்பகுதி.

இந்திய வழக்கறிஞர் கழகம் 2008இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 70 வகுப்புகளுக்கு மாணவர் வந்திருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை குறைந்திருப்பினும் கல்லூரித் தலைவர் அனுமதிக்கலாம். அப்பொழுதும் எல்லாப் பாடங்களையும் கூட்டிப் பார்த்தால் 70 இருக்க வேண்டும். இவ்விதியின் கடுமையைப் பற்றி நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்துள்ளன. வக்கீல் ஆகாத பிள்ளை வழக்காடி வெல்வதைவிட வகுப்புக்குப் போவது எளிது என்பதால் நாம் விதியையே பிடித்துக்கொள்வோம்.

“ஒவ்வொரு பாடத்திலும்” என்னும் சொல்லைக் கவனியுங்கள். இது என் போன்ற குமாஸ்தாவின் கண்ணில் உடனே படும் சொல். வண்டி தாமதமானால் எந்தப் பாடம் போகிறது? முதல் மணி நேரப் பாடம். மறு வாரம் தாமதமானாலும் பெரும்பாலும் அதே பாடம். பிற பாடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இருக்கும். காலை எட்டு மணிக்கு வைத்த அந்த ஒரு பாடம் மட்டும் கறையான் அரித்ததுபோல் உள்ளே குறைந்துகொண்டே வரும். ஒரு பருவத்தில் 60 வகுப்பு என்றால் 42 வர வேண்டும், 18 தவறலாம். வாரத்துக்கு ஒரு நாள் தாமதம், பதினைந்து வாரம், பதினைந்து போயிற்று. மழைக்காலக் காய்ச்சலில் நான்கு நாள். பத்தொன்பது ஆகிவிட்டது. பிள்ளை ஒரு நாளும் கல்லூரியை ஏமாற்றவில்லை. ஆனாலும் பெயர்ப் பட்டியலில் சிவப்புக் கோடு. கணக்கெழுதப் போன அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது இதுவே.

என் மகளின் மேசைமேல் இப்பொழுது ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. பாடத்துக்கு ஒரு பக்கம். வந்த நாள், வராத நாள், காரணம். வண்டி நின்ற நாளில் அன்றே ஒரு கடிதம் எழுதி, அந்நாளின் செய்தித்தாள் துணுக்கை அதனோடு இணைத்து, கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுகிறாள். பருவ முடிவில் போய் அழுவதற்கும், அவ்வப்போது எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. அலுவலகங்களில் இருபது ஆண்டு கழித்தவன் சொல்கிறேன்: கோப்பில் இருக்கும் தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி உதவிகளைப் பற்றி. சட்டம் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு உதவியே இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மூன்றாண்டு அலைந்து பார்த்ததில் எனக்கு வேறுவிதமாகத் தோன்றுகிறது. உதவி இருக்கிறது. அது இருக்கும் நேரத்தில் நம் பிள்ளை வண்டியில் இருக்கிறது. கல்லூரிகளில் உதவித்தொகைச் சன்னல் திறந்திருப்பது வகுப்பு நேரத்திலும் வகுப்பை ஒட்டிய ஒரு மணி நேரத்திலும். வகுப்பு முடிந்ததும் கூட்டம் சேருமுன் வண்டி பிடிக்க ஓடும் பிள்ளைக்கு அறிவிப்புப் பலகை படிக்கவும் பொழுதில்லை. மூத்த மாணவர் சொல்லும் நல்ல சேதிகள் மாலைத் தேநீர்க் கடையில் பரிமாறப்படுகின்றன. அந்நேரம் நம் பிள்ளை குர்லாவைத் தாண்டியிருக்கும். ஆகவே உதவியை நாம் போய்க் கொண்டுவர வேண்டும். நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில், என் இலாகாவைச் சேர்ந்தது. மாணவர்க்குச் சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பு வரையிலும், ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு இலவசம். கல்லூரியின் சான்றிதழைக் கொண்டுபோய் நிலையத்தில் காட்ட வேண்டும். முழுக் கட்டணம் கட்டும் பிள்ளைகளைக் கேட்டால் “சான்றிதழ் வாங்கப் பொழுதில்லை” என்கின்றனர். தவிர, மூன்று மாதச் சீட்டின் விலை மாதச் சீட்டைப்போல் 2.7 மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள். பணத்தைவிட, வரிசையில் நிற்கும் இரண்டு காலைப்பொழுது மிச்சமாவதே பெரிது. பெண் பிள்ளைகள் வண்டியில் தொல்லை நேர்ந்தால் 139 என்னும் எண்ணை அழைக்கலாம். முன்பு தனியாக இருந்த 182 என்னும் எண் 2021இல் இதனோடு சேர்க்கப்பட்டுவிட்டது. சில வீடுகளில் இன்னும் பழைய எண்ணையே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, கசப்பான செய்தி. நம்மில் பலர் திருநெல்வேலியிலும் விழுப்புரத்திலும் சேலத்திலும் வாங்கிய சாதிச் சான்றிதழை இரும்புப் பெட்டியில் பொன்போல் காத்து வருகிறோம். இம்மாநிலத்து இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அது செல்லாது. ஆந்திரத்திலிருந்து பெற்றோருடன் பம்பாய்க்கு வந்து குடியேறிய ஒரு மாணவர் மருத்துவக் கல்லூரியில் இடம் கோரிய வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன ஆயம் இதைத் தீர்மானித்துவிட்டது. பிறந்த மாநிலத்தில் எந்தப் பட்டியலில் இருக்கிறோமோ அந்த உரிமை மாநில எல்லை கடந்து வராது என்பது அதன் சாரம். 2018இலும் அதே நிலை உறுதி செய்யப்பட்டது. ஓர் அலுவலகத்தில் என் மகள் கொண்டுபோன சான்றிதழை மேசைமேல் தள்ளி, “இது உங்கள் ஊருக்கு” என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது சட்டப்படி சரி. சொன்ன விதம்தான் பிள்ளையின் முகத்தை வாடச் செய்தது. ஆயினும் கதவு முழுதும் அடைபடவில்லை. பட்டியல் சாதியினர்க்கு மத்திய அரசின் துணையோடு தரப்படும் மேற்கல்வி உதவித்தொகையை, மாணவர் வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தின் வழியாகக் கேட்கலாம். எந்தக் கதவில் தட்டுவது என்று முதலிலேயே தெரிந்தால், தட்டிய கை நோகாது.

கடன் வேண்டுவோர்க்கும் ஒரு வார்த்தை. நான்கு இலட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கிகள் அடமானம் கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. மனைவியின் தாலிச் சங்கிலியைக் கழற்றுமுன் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, படிப்பு முடிந்த பின் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பல மாநிலக் கழகங்கள் பல்லாயிரக்கணக்கில் வாங்கிவந்தன. அதை எண்ணியே சட்டப் படிப்பை வேண்டாமென்ற குடும்பங்கள் உண்டு. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் சொல்லியதற்கு மேல் ஒரு காசும் பதிவுக்கட்டணமாக வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கு 125 ரூபாய். இத்தொகைகளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

நூல்களுக்கு வருகிறேன். புளோரா பவுண்டன் நடைபாதையில் பழைய சட்ட நூல்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கொலைக்குத் தண்டனை கூறிய 302ஆம் பிரிவு இப்பொழுது 103. ஊரார் வாயில் வழங்கும் 420 இப்பொழுது 318. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே ஆதலால் பழைய நூல் முற்றிலும் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வுக்குப் புதிய நூல் வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 1872, சொத்து மாற்றுச் சட்டம் 1882 ஆகியவற்றுக்கு அண்மைக்காலப் பழைய நூலே போதும். எதற்குப் பணம் செலவிடுவது, எதற்கு வேண்டாம் என்று தெரிந்தால் பாதி விலையில் படித்துவிடலாம்.

கையிலுள்ள தொலைபேசியும் ஒரு நூலகமே. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்க 2023 ஜனவரியில் ‘இ-எஸ்.சி.ஆர்.’ என்னும் வசதியை அந்நீதிமன்றமே திறந்தது. பல தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் திணறும் பிள்ளை முதலில் தமிழில் படித்துப் பொருளை உணர்ந்து, பின்பு ஆங்கிலத்தில் படிக்கலாம். என் மகள் முல்லுந்து வரை தமிழிலும் அதன்பின் ஆங்கிலத்திலும் படிப்பதாகச் சொல்வாள். அது பகல் நேரத்து வண்டியில், உட்கார இடம் கிடைத்த நாளில்.

கூட்டம் தணியும்வரை நகரத்திலேயே இருந்து படிக்கவும் இடம் உண்டு. சட்டக் கல்லூரி நூலகம் இரவு பத்து மணி வரை திறந்திருக்கலாம் என்று 2008 விதிகளே இடம் தருகின்றன. திறந்திருக்கிறதா என்று கேட்பதற்கு மாணவர்க்கு உரிமை உண்டு. காலா கோடாவில் டேவிட் சசூன் நூலகம் இருக்கிறது, உறுப்பினராகச் சேர வேண்டும். கட்டணமே இல்லாத கல்விக்கூடம் உயர் நீதிமன்றம். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். பின்வரிசையில் அமைதியாய் அமர்ந்து வாதத்தைக் கேட்டால், வகுப்பில் விளங்காதது அங்கே விளங்கும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மாணவர் நேர்முகப் பயிற்சி பெற வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கோட்டையிலுள்ள பெரிய வக்கீல் நிறுவனங்களையே நாடுகின்றனர். இடம் கிடைத்தாலும் மீண்டும் அதே மூன்றரை மணி. நம் கல்யாணில் நீதிமன்றம் இருக்கிறது. விசாரணை வழக்கறிஞரிடம் பயில்வதையும் விதி ஏற்கிறது. சாட்சியைக் கேள்வி கேட்பதும், மனு எழுதுவதும், ஏழைக் கட்சிக்காரரின் அழுகையைப் பொறுமையாகக் கேட்பதும் இங்கேயே கற்கலாம், நடந்தே வீடு திரும்பலாம். சட்டப் பணிகள் ஆணையத்தின் துணைச் சட்டத் தொண்டராகவும் சட்ட மாணவர் சேரலாம். அதனால் நமக்கும் நன்மை. பெண்களுக்கு வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. 15100 என்னும் எண்ணில் கேட்கலாம். இதை நம் தாய்மார்களுள் எத்தனை பேர் அறிவர்? நம் வீட்டுப் பிள்ளை வந்து சொன்னால் அறிவர்.

டாக்டர் அம்பேத்கர் 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் தலைவராக இருந்தார். பின்னர் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் சித்தார்த்தா கல்லூரி 1946இல் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் ஏழை மாணவர்க்காகக் காலையில் வகுப்புகள் நடத்திற்று. சட்டக் கல்லூரியும் 1956இல் அதன் வழியே வந்தது. பணத்தைப்போலவே பொழுதும் ஏழைக்குக் குறைவு என்பதை அந்தப் பெரியவர் கண்டிருந்தார். நாம் கல்லூரி கட்ட வல்லவர் அல்லர். ஆனால் பிள்ளைக்குப் பொழுது தேடிக் கொடுக்க நம்மால் ஆகும்.

ஒரு பொழுதை வீட்டிலேயே தரலாம். மாலை வந்ததும் “தண்ணீர் பிடி, தம்பியைப் பார், கடைக்குப் போ” என்று நாம் ஏவுவது பெரும்பாலும் பெண் பிள்ளையைத்தான். மூன்றரை மணி நின்று வந்த மகனுக்கு வந்தவுடன் காபி, அதே வண்டியில் நின்று வந்த மகளுக்கு வந்தவுடன் அடுப்படி. தாய்மார்கள் கோபிக்கலாகாது, தந்தைமார்க்கும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளை பேசாமல் முடங்கிக் கிடந்தாலும் அதைத் திமிர் என்று முடிவு கட்டாதீர்கள். வருகைப் பட்டியலில் பெயர் வந்த அந்தப் பிள்ளை இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியில் கர்ஜத்துக்கும் வி.டி.க்கும் போய்வந்துகொண்டிருந்தான் என்று பின்னால் தெரிந்தது. மனத் தளர்ச்சிக்கு ஆறுதலும் ஆலோசனையும் தர 2022 அக்டோபரில் ‘டெலி-மானஸ்’ என்னும் சேவையை மத்திய அரசு தொடங்கியது. 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண் அன்று எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் ஒரு பிள்ளையின் இரண்டு மாதம் தண்டவாளத்தில் போயிராது.

மற்றப் பொழுதுகளைச் சங்கம் தர வேண்டும் என்பது என் விண்ணப்பம். செயற்குழுவில் நான் எழுதிக் கொடுத்ததை இங்கே வாய்மொழியாகச் சொல்கிறேன். மாதுங்கா, சயான், வடாலாப் பகுதிகளில் நம் உறவினரும் நண்பரும் குடியிருக்கின்றனர். தேர்வு நடக்கும் இரண்டு மூன்று வாரம், ஒரு பிள்ளைக்கு இரவில் படுக்க இடமும் காலையில் ஒரு தம்ளர் காபியும் தர அவர்களில் எவர் இசைவர் என்று ஒரு பட்டியல் வேண்டும். பெண் பிள்ளைகளாயின் இருவராய்ச் சேர்த்து அனுப்பலாம். மாதத்தில் ஒரு வேலை நாள், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கோட்டைக்குப் போய், ஐந்து பிள்ளைகளின் கல்லூரிகளிலும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, விண்ணப்பத் தாள் வாங்கி வரலாம். ஓய்வு பெற்ற இரயில்வே அன்பர்களிடம் பாஸ் இருக்கிறது. பகல் வண்டியில் கூட்டமும் இல்லை. இதைச் சொன்னவுடன் இருவர் கை தூக்கினர். அவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர்.

சங்கத்தின் பின்னறை ஆண்டில் பத்து நாள் நாடக ஒத்திகைக்கு மட்டுமே பயன்படுகிறது. அதில் இரண்டு மேசையும் நான்கு விளக்கும் போட்டு இரவு எட்டு முதல் பதினொரு மணி வரை திறந்து வைக்கத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார்கள். ஓர் அறையில் ஆறு பேர் வாழும் குடியிருப்பில் படிப்பதற்கு அமைதியான மூலை எங்கே கிடைக்கும்? புதிய குற்றவியல் சட்ட நூல்கள் மூன்றையும் நான் வாங்கித் தருகிறேன். ஒப்பந்தச் சட்ட நூலும் ஓர் ஆங்கிலச் சட்ட அகராதியும் தர ஓர் அன்பர் வாக்களித்திருக்கிறார். கணக்கெழுதப் போன பிள்ளையை நேற்று மாலை சந்தித்தேன். மீண்டும் சேர வழியிருக்கிறதா என்று கல்லூரியில் விசாரிக்கச் சம்மதித்தான். அடுத்த வாரம் நான் விடுப்பெடுத்து அவனோடு போகிறேன். பின்னறைச் சாவி இன்றிரவு முதல் எங்கள் வீட்டில் இருக்கும், குடியிருப்பு வரிசையில் கடைசிப் படிக்கட்டு. தேர்வுக்கு இடம் தர இசையும் குடும்பத்தார், விழா முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் அருகிலுள்ள நிலையமும் எழுதிச் செல்ல வேண்டுகிறேன்.